டிரெய்லர் வாடகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சொந்தமாக ஒரே ஒரு டிரெய்லரை வைத்துக்கொண்டு, தாங்களே ஓட்டி, தாங்களே லோடு பேசிப் பிழைப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். பக்கப்பலகை இல்லாத தட்டை மேடை வண்டியை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியவன் என்ற முறையில், இந்தக் கடிதங்களில் உள்ள கவலை எனக்குப் புதியதல்ல. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

சங்ககிரி வாசகர்: ஐயா, ஆறு மாதத்துக்கு முன் பைனான்ஸில் பழைய 40 அடி டிரெய்லர் ஒன்றை வாங்கினேன். மாத டியூ 58,000 ரூபாய். எண்ணூரிலிருந்து கோவைக்கு இரும்புக் காயில் (தகட்டுச் சுருள்) 30 டன், டன்னுக்கு 1,450 ரூபாய் என்று லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸில் சொல்கிறார்கள். ஒரு நடையில் 43,500 ரூபாய் கைக்கு வருகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் டியூ கட்டக் கடன் வாங்குகிறேன். வாடகை குறைவா, நான் செலவாளியா?

நீங்கள் செலவாளி அல்லர். நீங்கள் பார்க்கும் கணக்கில் கிலோமீட்டர் இருக்கிறது, நாள் இல்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் தொகைகளையே வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில், வண்டி ஓடினாலும் நின்றாலும் உங்களை விடாத செலவு. டியூ 58,000. இன்சூரன்ஸ், சாலை வரி, எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), பர்மிட் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதத்துக்கு 12,500 ஆகிறது. நீங்களே ஓட்டுவதால் டிரைவர் சம்பளத்தை நீங்கள் எழுதவே இல்லை. வேறொருவரின் வண்டியை ஓட்டியிருந்தால் 25,000 ரூபாயாவது வாங்கியிருப்பீர்கள் என்பதால், அதையும் செலவில்தான் சேர்க்க வேண்டும். மொத்தம் 95,500 ரூபாய். மாதத்தில் 25 நாள் வண்டி வேலையில் இருக்கும் என்று கொண்டால், விடிந்தால் உங்களுக்கு 3,820 ரூபாய் செலவு. இந்த எண்ணை வண்டியின் கண்ணாடிக்கு மேலே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓட்டச் செலவு. கோவை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். லோடு வண்டி லிட்டருக்கு 3 கிலோமீட்டர் தருகிறது என்கிறீர்கள். டீசலைக் கணக்குக்காக 92 ரூபாய் என்று வைத்தால் 15,333 ரூபாய். டயர் பதினெட்டும் புதிதாகப் போட்டால் மூன்றரை லட்சத்துக்கு மேல் ஆகிவிடும், அதை அவை ஓடும் கிலோமீட்டரால் வகுத்து, கிரீஸ், ஆயில், பிரேக் லைனிங், சில்லறை வேலை ஆகியவற்றையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய்க்குக் குறையாது, அது 3,500. சுங்கம் 4,500, கமிஷன் 1,500, கயிறு, கட்டை, கூலி வகையில் 1,200. எல்லாம் சேர்த்து 26,033 ரூபாய். வாடகையில் இதைக் கழித்தால் கையில் நிற்பது 17,467 ரூபாய்.

இந்த 17,467 ரூபாயை நீங்கள் லாபம் என்று நினைத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். ஏற்ற ஒரு நாள், ஓட ஒரு நாள், இறக்க ஒரு நாள் என்று மூன்றே நாளில் நடை முடிந்து, அடுத்த லோடும் கோவையிலேயே காத்திருந்தால், 11,460 ரூபாய் நாள் செலவு போக ஆறாயிரம் ரூபாய் உண்மையிலேயே மிஞ்சும். ஆனால் உங்கள் கடிதத்தின்படி, கடந்த நான்கு நடைகளில் மூன்று முறை கோவையிலிருந்து காலியாகத் திரும்பியிருக்கிறீர்கள். காலி வண்டி லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் தந்தாலும் டீசல் 10,222 ரூபாய். சுங்கச் சாவடியில் லோடு வண்டிக்கும் காலி வண்டிக்கும் ஒரே கட்டணம்தான், ஆகவே மறுபடியும் 4,500. தேய்மானத்தைக் குறைத்து 2,500 என்று வைத்தாலும் 17,222 ரூபாய் ஆகிறது. மிச்சம் 245 ரூபாய். போக, வர, காத்திருக்க என்று ஆறு நாள் உழைத்து 245 ரூபாய் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து டியூவும் இன்சூரன்ஸும் உங்கள் கூலியும் எப்படி வரும்?

ஆகவே உங்களுக்கான உண்மையான விடை இது: காலியாகத் திரும்புவதாக இருந்தால், போகும் செலவு, திரும்பும் செலவு, ஆறு நாளின் நாள் செலவு மூன்றையும் சேர்த்து 30 டன்னால் வகுத்துப் பாருங்கள்; அந்த நடைக்கு டன்னுக்கு 2,200 ரூபாய்க்குக் குறைந்தால் நட்டம். 1,450-க்குத்தான் லோடு கிடைக்கும் என்றால், கோவையிலிருந்து குறைந்தது முப்பதாயிரம் ரூபாய்க்கு ரிட்டன் லோடு வேண்டும். கோவை மோட்டார், பம்பு, வார்ப்படம், நெசவு இயந்திரம் ஆகியவை செய்யும் ஊர். திறந்த மேடை வண்டிக்கு அங்கே சரக்கு இல்லாமல் போகாது. ஆனால் அதை எண்ணூரில் ஏற்றுவதற்கு முன்பே பேச வேண்டும். கோவையில் இறக்கி முடித்துவிட்டு, சாவியை விரலில் சுற்றிக்கொண்டு புக்கிங் ஆபீஸ் வாசலில் போய் நின்றால், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

தூத்துக்குடி வாசகர்: சரக்குக்காரர் எவ்வளவு கொடுக்கிறார் என்பது புரோக்கருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அது தெரியாமல் அவரிடம் எப்படிப் பேரம் பேசுவது? "இஷ்டம்னா ஏத்துங்க, பின்னாடி பத்து வண்டி நிக்குது" என்கிறார்கள்.

பத்து வண்டி நிற்பது சில நாள் உண்மை, சில நாள் பேச்சு. எது என்று அறிய ஒரு வழி உண்டு: ஒரே லோடுக்கு மூன்று ஆபீஸில் விசாரியுங்கள். மூன்று பேரும் ஒரே நாளில் தாமாகவே உங்களைத் திரும்ப அழைத்தால், சரக்கு நிற்கிறது, வண்டி இல்லை. யாரும் அழைக்காவிட்டால் வண்டிதான் அதிகம். மார்ச் மாதக் கடைசியில் ஆண்டுக் கணக்கை முடிக்கத் தொழிற்சாலைகள் சரக்கைத் தள்ளுவதையும், தீபாவளியை ஒட்டி டிரைவர்கள் ஊருக்குப் போய்விடுவதால் வண்டிக்குத் தட்டுப்பாடு வருவதையும், அடைமழைக் காலத்தில் கட்டுமானச் சரக்கு சுருங்குவதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். விலை ஏறும் நாளில் கூடுதலாகக் கேட்கத் தயங்குபவர், விலை இறங்கும் நாளில் கொடுப்பதை வாங்கிக்கொள்ள நேரிடும்.

பேச்சைத் தொடங்கும்போது வாடகையைக் கேட்காதீர்கள். சரக்கைப் பற்றிக் கேளுங்கள். என்ன பொருள், எத்தனை எண்ணம், நீளம் அகலம் உயரம் என்ன, ஒரே இடத்தில் இறங்குமா இரண்டு இடமா, இறக்கக் கிரேன் யாருடையது, தார்ப்பாய் வேண்டுமா, சங்கிலி எத்தனை, பகலில் கனரக வண்டியை விடாத ஊருக்குள் போக வேண்டுமா? இவை ஒவ்வொன்றும் பணம். இவற்றைக் கேட்டு முடிப்பதற்குள், எதிரில் இருப்பவருக்கு இந்த ஆள் தொழில் தெரிந்தவர் என்பது புரிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் தொகைக்கு ஒரு மரியாதை இருக்கும். "வண்டி மூணு நாளா காலியா நிக்குது, பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று ஆரம்பித்தால், பேரம் அந்த வாக்கியத்திலேயே முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. டன் விலையைப் புரோக்கரால் பல சமயம் உயர்த்த முடியாது; அவர் ஏற்கெனவே சரக்குக்காரரிடம் ஒரு விலைக்கு ஒப்புக்கொண்டிருப்பார். அப்போது விலையோடு மோதிக்கொண்டிராமல், அவர் கையில் இருக்கும் வேறொன்றைக் கேளுங்கள். நாளை வரிசையில் நிற்காமல் இன்றே ஏற்றித் தருவாரா? இறக்கும் இடத்தில் மறுநாள் காலையிலேயே கிரேனை நிறுத்தச் சொல்வாரா? கமிஷனை விடுவாரா? அட்வான்ஸைக் கூட்டுவாரா? மேலே உள்ள சங்ககிரி நண்பரின் கணக்கில் ஒரு நாள் குறைந்தால் 3,820 ரூபாய் மிச்சம். 30 டன்னுக்கு அதைப் பங்கிட்டால் டன்னுக்கு 127 ரூபாய் வாடகை ஏறியதற்குச் சமம். டன்னுக்கு 50 ரூபாய் ஏற்றித் தர அழுகிற ஆபீஸ், ஒரு போன் செய்து ஒரு நாளை மிச்சப்படுத்தித் தரத் தயங்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழெட்டு வருடம் ஆயிற்று. உங்களுக்கு அத்தனை காலம் ஆக வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கட்டுப்படியாகவில்லை என்றால், கோபப்படாமல் மறுத்துவிட்டு, உங்கள் தொகையை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு வாருங்கள். மாலையில் அதே இடத்திலிருந்து அழைப்பு வருவது இந்தத் தொழிலில் அபூர்வமல்ல.

கரூர் வாசகர்: "ரெண்டு டன் சேர்த்து ஏத்திக்கோங்க, அதுக்கும் வாடகை தர்றோம்" என்கிறார்கள். ஏற்றலாமா?

கூடாது. டன்னுக்கு 1,450 என்றால் இரண்டு டன்னுக்கு உங்களுக்குக் கிடைப்பது 2,900 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, கூடுதல் எடைக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதாவது 24,000 ரூபாய், அத்துடன் கூடுதல் சரக்கை அங்கேயே உங்கள் செலவில் இறக்கவும் வேண்டும். 2018-இல் மத்திய அரசு அச்சு எடையை உயர்த்தியபோதே இரண்டு அச்சு இழுவை வண்டியும் மூன்று அச்சு மேடையும் சேர்ந்த ஐந்து அச்சு டிரெய்லருக்கு, வண்டியும் சரக்கும் சேர்த்து 45.5 டன் வரை மொத்த எடை கிடைத்துவிட்டது. அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது எடைச் சீட்டைத்தான்.

ஓசூர் வாசகர்: இயந்திர லோடு பேசும்போது ஒரு அளவு சொல்கிறார்கள், போய்ப் பார்த்தால் வேறு அளவாக இருக்கிறது. காலியாக அவ்வளவு தூரம் போய்விட்டதால் ஏற்ற வேண்டியதாகிறது.

இந்த வலி எனக்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், 120 கிலோமீட்டர் காலியாகப் போய் ஒரு தொழிற்சாலையில் நின்றபோது, எட்டடி அகலம் என்று சொல்லப்பட்ட பெட்டி பத்தரை அடி இருந்தது. மேடைக்கு இரண்டு பக்கமும் ஒரு அடிக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும் என்பது கண்ணுக்கே தெரிந்தது. திரும்பிவிடு என்று மனம் சொன்னது. வந்த டீசலை நினைத்து ஏற்றினேன். வழியில் பிடித்தார்கள். பக்கவாட்டிலோ முன்பின்னோ உயரத்திலோ அளவை மீறிச் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால், அதே 194-ஆம் பிரிவில் தனியாக 20,000 ரூபாய் அபராதம் உண்டு. லோடு கொடுத்தவர், "நீ பார்த்துத்தானே ஏத்தினே" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் எட்டடி என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம்கூட என்னிடம் இல்லை.

அன்றிலிருந்து, சரக்கின் படமும் அளவு எழுதிய பேக்கிங் லிஸ்ட்டும் வாட்ஸ்அப்பில் வராமல் வண்டியைக் கிளப்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். நீங்களும் வாடகை பேசும் அதே செய்தியில், "மேற்படி அளவு மாறினால் காலி ஓட்டத்துக்கு இவ்வளவு தர வேண்டும்" என்று ஒரு வரி எழுதி, எதிர்த் தரப்பிலிருந்து "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள். அளவு மீறிய சரக்கைச் சட்டப்படி கொண்டுபோக முன் அனுமதி, வழித்தட ஆய்வு, எச்சரிக்கை விளக்கு, கொடி எல்லாம் வேண்டும். அது டன் கணக்கில் பேசும் வாடகையே அல்ல, மொத்தமாகப் பேச வேண்டிய வேறு வேலை.

கும்மிடிப்பூண்டி வாசகர்: இறக்குமிடத்தில் மூன்று நாள் நிறுத்திவிட்டு, ஹால்டிங் (காத்திருப்புக் கூலி) கேட்டால் "பேசும்போது சொல்லவில்லையே" என்கிறார்கள். இதற்கிடையில் சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லும் காலாவதியாகிவிட்டது.

அவர்கள் சொல்வது உங்களுக்கு அநியாயமாகத் தோன்றினாலும், பேசாத ஹால்டிங்கை வாங்குவது மிகக் கடினம். ஏற்றும் இடத்தில் 24 மணி நேரம், இறக்கும் இடத்தில் 24 மணி நேரம், அதற்கு மேல் நாளுக்கு இவ்வளவு என்று வாடகையோடு சேர்த்தே பேசுங்கள். எவ்வளவு என்பதற்கு ஊர் வழக்கத்தைத் தேட வேண்டாம். உங்கள் ஒரு நாள் செலவு எதுவோ அதுதான் தொகை. மணிக்கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் தகராறு வரும் என்பதால், கேட்டில் பெயர் பதியும்போதே நேரத்துடன் கூடிய என்ட்ரிச் சீட்டைப் படம் எடுத்து, அந்த நிமிடமே ஆபீஸுக்கு அனுப்பிவிடுங்கள். இறக்கி முடிந்ததும், எல்.ஆர். (லாரி ரசீது) பின்புறத்தில் வந்த நேரமும் இறக்கிய நேரமும் எழுதி அவர்கள் முத்திரை போட்டுத் தர வேண்டும். முத்திரை இல்லாத மூன்று நாள், காகிதத்தில் மூன்று நாளே அல்ல.

இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் செல்லும். அளவு மீறிய சரக்குக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 500 கிலோமீட்டர் நடைக்கு மூன்று நாள் கிடைக்கும். காலாவதியாவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை அதை நீட்டிக்கலாம். நீட்டிக்க வேண்டியவர் ஆபீஸில் இருக்கிறார், சாலையில் மாட்டுபவர் நீங்கள். வழியில் வண்டி பழுதானாலும் கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றாலும், நேரம் முடியும் முன்பே போன் செய்து, "நீட்டிக்கவும்" என்று எழுத்திலும் அனுப்பிவிடுங்கள்.

நாமக்கல் வாசகர்: ஒவ்வொரு நடையிலும் டி.டி.எஸ். (பணம் தருபவரே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) என்று ஒரு சதவீதம் பிடிக்கிறார்கள். சரியா?

ஆண்டில் எந்த நேரத்திலும் பத்து சரக்கு வண்டிகளுக்கு மேல் வைத்திராதவர், அதை எழுத்தில் உறுதிமொழியாகக் கொடுத்து, பான் எண்ணையும் கொடுத்தால், சரக்கு வாடகையில் வரி பிடிக்க வேண்டியதில்லை. அந்தத் தாளைப் பத்துப் பிரதி எடுத்து வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பிடித்த தொகை உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்; ஏறியிருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஏறவில்லை என்றால், அவர்கள் பிடித்தது வரி அல்ல, உங்கள் வாடகை.

திருச்செங்கோடு வாசகி: என் கணவர் ஓட்டுகிறார், நான் கணக்கு எழுதுகிறேன். ஒரே டிரான்ஸ்போர்ட்டில் ஐந்து நடைகளின் பேலன்ஸ் 86,000 ரூபாய் நான்கு மாதமாக நிற்கிறது. அடுத்த லோடை இறக்காமல் நிறுத்திவைத்தால் பணம் வந்துவிடும் என்று மற்ற டிரைவர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

சகோதரி, உங்கள் கணவரை அந்த வழியில் போகவிடாதீர்கள். நிறுத்திவைக்கும் லோடு டிரான்ஸ்போர்ட்காரருடையது அல்ல, மூன்றாவது ஒருவருடையது. அவருக்கும் உங்கள் பாக்கிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் காவல் நிலையத்துக்குப் போனால், ஒப்படைத்த சரக்கில் நம்பிக்கை மோசடி செய்ததாக வழக்கு வரலாம். சரக்கு ஏற்றிச் செல்பவர் அப்படிச் செய்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. பணம் நியாயமாகவே உங்களுக்கு வர வேண்டியது. அதை வாங்கப் போய் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது: ஐந்து நடைகளுக்கும் எல்.ஆர். எண், தேதி, பேசிய வாடகை, வாங்கிய அட்வான்ஸ், நிற்கும் பாக்கி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, சரக்கு இறக்கியதற்கான ஒப்புகைச் சீட்டின் நகல்களை இணைத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பல ஆபீஸ்கள் பாக்கியை இழுப்பதற்குச் சொல்லும் முதல் காரணம், "இறக்கின ரசீது வரவில்லை" என்பது. இந்தத் தாள் அந்த வாயை அடைக்கும்.

இனி வரும் நடைகளுக்காக, உத்யம் பதிவை (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உடனே செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, சரக்குப் போக்குவரத்தும் சேவைத் தொழிலாக அதில் அடங்கும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்தில் நாள் குறிக்காவிட்டால் 15 நாளிலும், எப்படிக் குறித்தாலும் 45 நாளுக்குள்ளும் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். மாநில அளவில் உள்ள வசதியாக்க மன்றத்தில் நீங்களே இணையம் வழியாக முறையிடலாம். பதிவுக்குப் பின் ஓடிய நடைகளுக்குத்தான் இந்தப் பாதுகாப்பை உறுதியாகக் கேட்க முடியும் என்பதால், பழைய 86,000 ரூபாய்க்கு வக்கீல் நோட்டீஸ் வழியைப் பாருங்கள்.

அதுவரை அந்த ஆபீஸில் லோடு எடுக்கவே கூடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம், ஆனால் அட்வான்ஸ் நடையின் முழு ஓட்டச் செலவையும் மூடுவதாக இருக்க வேண்டும். நிற்கும் பேலன்ஸ் உங்கள் நாள் செலவைத் தாண்டக் கூடாது. பழைய பாக்கியில் ஒரு நடையின் தொகையையாவது தீர்த்த பிறகே புதிய லோடு என்று சொல்லுங்கள். இறக்கிய அன்றே ரசீதைப் படம் எடுத்து அனுப்பி, அசலைக் கூரியரில் போட்டு, அந்தக் கூரியர் சீட்டை உங்கள் கணக்கு நோட்டில் அந்த நடையின் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.